வெளியே எடுத்து வைத்த சட்டிகள்

ஆண்டு 1993. அதில் எனக்குச் சந்தேகமில்லை. பெரியத்தானின் மூத்த மகள் அந்தச் செப்டம்பரில்தான் முதலாம் வகுப்புக்குப் போனாள். மாதம் ஆகஸ்ட், முதலாவது திங்கட்கிழமை விடுமுறையோடு சேர்ந்து வரும் நீண்ட வாரஇறுதி. எங்கள் குடும்பத்தில் மற்றவர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது ஆண்டு மாறும். சிலசமயம் ஒரு கரடி இரண்டு கரடியாகும். ஆகவே முதலில் ஆண்டை நிறுத்திவிட்டுத் தொடங்குகிறேன்.

அப்போது நானும் கணவரும் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரேயொரு படுக்கையறை கொண்ட தொடர்மாடி வீட்டில் இருந்தோம். என் கணவரின் தமையனைத்தான் பெரியத்தான் என்கிறேன். அவர் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் பார்க்டேலில் இருந்தார். அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என் கணவர் கனடாவில் வந்திறங்கியபோது தன் வீட்டு வரவேற்பறையில் படுக்க இடம் கொடுத்தவர் பெரியத்தான். எங்கள் கலியாணத்தை முன்னின்று நடத்தியவரும் அவரே. கெட்டவர் அல்லர். ஆனால் அவர் முன்னால் நான் சாய்ந்து உட்கார்ந்ததில்லை, நேருக்கு நேர் பேசியதும் குறைவு. சொல்லவேண்டியதைக் கணவரிடம் சொல்வேன், அல்லது அக்காவிடம் சொல்வேன். அது போய்ச் சேரும்.

பெரியத்தான் வேலை செய்த பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் ஒரு வயதான வெள்ளைக்காரர் இருந்தார். ஒவ்வொரு கோடையும் வடக்கே போய்க் காட்டுக்குள் கூடாரம் அடிப்பவர். கோடைகால வீடுகள் எல்லாம் முடிந்தபிறகு வருவது அரச காணி என்றும், இந்த மாகாணத்தில் வசிக்கும் எவரும் அங்கே காசில்லாமல் தங்கலாம் என்றும் அவர் சொன்னாராம். வாசலில் சீட்டுக் கொடுப்பவர் இல்லை. குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, பக்கத்துக் கூடாரமும் இல்லை. பெரியத்தானால் இதை நம்பமுடியவில்லை. வேலியில்லாத காணியை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. ஊரில் ஒரு முழம் எல்லைக்காகச் சொந்தத் தம்பியோடு கதைக்காமல் செத்துப்போனவர்களைத் தெரிந்தவர். ஒருவரிடமும் கேட்காமல் போய் இருப்பது களவு இல்லையா என்று அந்த மனிதரைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். கடைசியில் அவர் ஒரு கடதாசிப் பையைக் கிழித்து வழியைக் கீறிக் கொடுத்துவிட்டார்.

அதற்கு முந்திய கோடையில் நாங்கள் ஒரு பூங்காவுக்குப் போய்க் காசு கட்டிக் கூடாரம் அடித்திருந்தோம். எங்கள் சமையல் மணத்தைப் பற்றியும் சத்தத்தைப் பற்றியும் பக்கத்தில் இருந்தவர்கள் முறைப்பாடு செய்தார்கள். சீருடை போட்ட ஒரு பெண் வந்து மிக மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்த மரியாதை பெரியத்தானின் மனதில் கிடந்தது. ஆட்களே இல்லாத இடம் என்றதும் அவர் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாசிப்பது என் வேலை. குடும்பத்தில் எது தொடங்கினாலும் நூலகத்துக்குப் போய் அதைப் பற்றிய புத்தகங்களைத் தேடி எடுப்பேன். இதற்கும் போனேன். கரடி வாழும் இடங்களில் எப்படி இருக்கவேண்டும் என்று ஒரு பழைய துண்டுப்பிரசுரம் கிடைத்தது. புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு, பார்க்டேல் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லாரையும் இருத்தி அதைத் தமிழாக்கி வாசித்தேன். உணவை வாகனத்துக்குள் பூட்டி வைக்கவேண்டும். கூடாரத்துக்குக் கிட்ட ஒரு துண்டுகூட வைக்கக்கூடாது. சட்டி பானைகளை உடனே கழுவவேண்டும்.

"எங்கடை கறியின்ரை உறைப்புக்குக் கரடி வாயைக் கழுவத் தண்ணி தேடி ஓடும்" என்றார் பெரியத்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

அதற்கு அடுத்த வரியில், மாதவிடாய் நாட்களில் பெண்கள் இந்த இடங்களைத் தவிர்ப்பது நல்லது, அந்த வாடைக்குக் கரடி வரக்கூடும் என்று எழுதியிருந்தது. பின்னாளில் வந்த பிரசுரங்களில் நான் அந்த வரியைக் காணவில்லை. அது வெறும் ஊகம் என்றும் வாசித்திருக்கிறேன். அன்று அச்சில் இருந்ததால் நம்பினேன். ஆனால் பெரியத்தான் எதிரே பல்லுக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் நாக்கு அந்த வரியைத் தாண்டிக் கடைசி வரிக்குப் போய்விட்டது. எப்படியும் எனக்கு அந்த வாரஇறுதியில் வராது. அடுத்த புதன்கிழமைக்கு முன் வர வழியில்லை என்று கணக்குப் பார்த்திருந்தேன். நாட்கணக்கில் பிழைவிடாதவள் என்ற மிதப்பு எனக்கு இருந்தது. கோயில் திருவிழாவுக்குப் போகும் பெண்கள், தள்ளிப்போடும் மாத்திரையை எப்போது தொடங்குவது என்று என்னைத்தான் தொலைபேசியில் கேட்பார்கள்.

சனிக்கிழமை விடியப் புறப்பட்டோம். பெரியத்தானின் வான் வண்டியில் அரிசி, பருப்பு, காஸ் அடுப்பு, தலையணைகள், ஐஸ் பெட்டி நிறைய ஆட்டிறைச்சி, பொரித்த மீன், அவித்த இடியப்பம், ஒரு பாய் எல்லாம் ஏறின. பெருந்தெரு முடிந்து, சிறுதெரு முடிந்து, மரம் வெட்டுபவர்கள் ஒருகாலத்தில் போட்ட கல்லுப் பாதையில் வான் குலுங்கிக்கொண்டு போனது. பாதை ஒரு சிறிய ஏரிக் கரையில் நின்றது. இறங்கியதும் பெரியத்தான் செய்த முதல் வேலை, நாலு பக்கமும் நடந்து, யாராவது வந்து கேட்பார்களா என்று பார்த்ததுதான். ஒருவரும் வரவில்லை. பிறகு ஒரு மண்வெட்டியை எடுத்து, எங்களைப் பாராமல், ஒரு மரத்தில் சாத்தி வைத்துவிட்டு அப்பால் போனார். கழிப்பறையைப் பற்றிய விளக்கம் அவ்வளவுதான்.

அக்காவும் நானும் போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மாறிமாறிக் காவல் நின்றோம். ஊரில் கிணற்றடியும் கழிப்பறையும் உள்ள கல்வீட்டில் பிறந்தவர் அக்கா.

"கனடாவுக்கு வந்துதான் பத்தைக்குப் பின்னாலை குந்தவேணும் எண்டு என்ரை சாதகத்திலை கிடந்திருக்கு" என்றார். சிரிப்பில் அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை நன்றாகவே கழிந்தது என்பதைச் சொல்லவேண்டும். குழந்தைகள் ஏரியைவிட்டு வெளியே வரவில்லை. என் கணவர் பாட்டுப் பாடினார். சாப்பாட்டுப் பாத்திரங்களை எல்லாம் வானுக்குள் வைத்துப் பூட்டினோம். ஒரே பெரிய கூடாரத்தில், ஆண்கள் ஒரு கரையிலும் நாங்கள் மறுகரையிலுமாகப் படுத்தோம். சின்னவள் என் வயிற்றில் காலைப் போட்டபடி தூங்கினாள். ஒரு கரடியும் வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் ஐஸ் பெட்டியில் இருந்த இறைச்சி முழுவதையும் சமைத்தோம். பின்னேரம் பத்தைப் பக்கம் போனபோதுதான் தெரிந்தது, என் கணக்குப் பிழைத்துவிட்டது என்று. நீண்ட நேரம் அங்கேயே நின்றேன். அக்கா தேடிக்கொண்டு வந்தார். சொன்னேன். தன் பையில் இருந்ததை எடுத்து வந்து தந்தார். ஒரு இரவுதானே, ஒருத்தருக்கும் சொல்லாமல் இரு, ஏரிப்பக்கம் போகாதை என்றார். பார்க்டேல் வீட்டில் இந்த நாட்களில் நான் அவருடைய அடுப்படியில் நின்று சமைத்திருக்கிறேன். அவருக்கும் அது தெரியும். அங்கே நாங்கள் இருவரும் இதைப் பெரிதுபடுத்தியதில்லை.

ஆனால் பிரசுரத்தில் நான் வாசிக்காமல் தாண்டிய அந்த வரி எனக்குத் தெரிந்திருந்தது. அதைத் தெரிந்துகொண்டு, சின்னவளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு எப்படிப் படுப்பேன்? சொல்லாவிட்டால் குழந்தைகளுக்கு ஏதும் நடக்கலாம். சொன்னால் பெரியத்தானுக்குத் தெரியவரும். இன்று எழுதும்போது இந்த இரண்டும் ஒரே தராசில் வைக்கக்கூடியவையா என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. அன்று இரண்டும் சமமான பாரமாகத்தான் இருந்தன.

அந்த வரியை அக்காவிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"உதை ஏன் அண்டைக்கு வாசிக்கேல்லை?"

"பெரியத்தான் இருந்தவரெல்லோ அக்கா."

கணவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் தமையனிடம் போனார். இருவரும் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஏரிக் கரையில் நின்று கதைத்தார்கள். கதைக்கும்போது பெரியத்தானின் தலை ஒருமுறை எங்கள் பக்கம் திரும்பத் தொடங்கிப் பாதியில் நின்று, மறுபடி தண்ணீரைப் பார்த்தது. அந்தப் பாதித் திருப்பத்தை என்னால் மறக்கமுடியவில்லை. என் உடம்பைப் பற்றிய செய்தி அவருடைய காதுக்குள் போன நேரம் அது.

திரும்பி வந்து அடுப்புக்கு முன்னால் நின்றார். என்னிடம் நேரே பேசவில்லை. அடுப்பைப் பார்த்தே கேட்டார்.

"அந்தக் கடதாசியிலை இது இருந்ததோ?"

கணவர் என்னைப் பார்த்தார். "ஓம்" என்றேன்.

"படிச்ச பிள்ளை" என்றார்.

உடனே கட்டிக்கொண்டு போவோம் என்பது அவருடைய எண்ணம். பொழுது சாய்ந்துவிட்டது, அந்தக் கல்லுப் பாதையில் இருட்டுக்குள் வான் ஓட்டமுடியாது என்று கணவர் சொன்னார். அப்படியென்றால் நான் வானுக்குள் படுக்கட்டும், கண்ணாடிகளை ஏற்றிவிடட்டும் என்று முடிவாகியது. வானைக் கூடாரத்திலிருந்து தள்ளிப் பாதையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கரடி வந்தால் அங்கே வரட்டும் என்பதுதான் அதன் பொருள். அதை நானும் நியாயம் என்றே எடுத்துக்கொண்டேன்.

வானை நகர்த்துவதற்கு முன் அக்கா பின்கதவைத் திறந்து சட்டிகளை இறக்கத் தொடங்கினார். இறைச்சிக் கறி, மீன் பொரியல், சோறு, பருப்பு ஒவ்வொன்றாகக் கூடாரத்துக்குப் பக்கத்தில், மழைக்குக் கட்டியிருந்த நீலப் படங்குக்குக் கீழே போயின.

"அக்கா, சாப்பாடு வானுக்குள்ளை இருக்கவேணும்" என்றேன்.

"நீ உள்ளுக்கை இருக்கேக்கை எப்பிடி வைக்கிறது? நாளைக்கு எல்லாரும் சாப்பிடவேணும்."

மெதுவாகத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்களுக்குள் மட்டும் தெரிந்திருந்தவரை அது துடக்காக, தீட்டாக இருக்கவில்லை. ஆண்களுக்குத் தெரிந்ததும் அது துடக்காகிவிட்டது. துடக்குக்காரி இருக்கும் இடத்தில் சோறு கறி இருக்கக்கூடாது. அந்தப் பிரசுரம் முழுவதும் எனக்கு மனப்பாடம். உணவைப் பற்றி எல்லாருக்கும் வாசித்துக் காட்டியது நான்தான். ஆனால் இன்னொருமுறை வாயைத் திறந்தால் பெரியத்தான் காதில் விழும், மீண்டும் என் உடம்பைப் பற்றிய பேச்சு வரும். பேசாமல் வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமை விடிந்து வெயில் ஏறியபோது, எல்லாரும் கடைசி முழுக்குக்காக ஏரிக்குப் போயிருந்தார்கள். அக்கா எனக்குத் தேநீர் கொண்டுவந்து, முன் இருக்கையில் வைத்துவிட்டு, அவர்களோடு போனார். நான் பின் இருக்கையில் இருந்து முன்னுக்கு வந்து, கண்ணாடியை ஒரு கையளவு இறக்கிவிட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன். என் காலடியில் வாய் கட்டிய ஒரு பிளாஸ்ரிக் பை இருந்தது. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் இருந்ததை எரிக்கவும் புதைக்கவும் வெட்கப்பட்டு வைத்திருந்தேன்.

கரடி நாங்கள் வந்த பாதையாலேயே வந்தது. நான் நினைத்திருந்ததைவிடச் சிறியது, நல்ல கறுப்பு. மோந்தபடி, அவசரமில்லாமல், வானின் பக்கவாட்டில் என் திறந்த கண்ணாடிக்குக் கீழாக நடந்தது. அதன் முதுகுமயிரில் ஒட்டியிருந்த சருகு தெரிந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பையின் பக்கமும் மூக்கைத் திருப்பவில்லை. நேரே நீலப் படங்குக்குப் போய், இறைச்சிச் சட்டியின் மூடியைக் கையால் தட்டிவிட்டு, தலையை உள்ளே விட்டது.

கூடாரத்துக்கு அப்பால் குழந்தைகளின் சத்தம் கேட்டது. அவர்கள் கரையேறி வரும் நேரம். நான் ஹோர்னை அழுத்தினேன். விடாமல் அழுத்தினேன். கரடி தலையை எடுத்துப் பார்த்தது, வாயெல்லாம் குழம்பு. பிறகு மீன் பொரியல் இருந்த பையைக் கவ்விக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. ஓடவில்லை, நடந்துதான் போனது.

முதலில் ஓடி வந்தவர் பெரியத்தான், ஈரத்தோடு, சின்னவளைத் தூக்கியபடி. போகும் கரடியின் பின்புறத்தை அவர் கண்டார். கவிழ்ந்த சட்டியும் சிதறிய சோறும் அவருடைய காலடியில் கிடந்தன. ஆனால் அவர் பார்த்தது சட்டியை அல்ல. தலையை நிமிர்த்திப் பாதையில் நின்ற வானைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் என்னைப் பார்த்தார். முதல்நாள் பாதியில் நின்ற திருப்பம் இப்போது முழுமையாக வந்தது.

"பிள்ளையள் படுத்திருந்த இடம்" என்று தம்பியிடம் சொன்னார். "நான் ராத்திரியே போவம் எண்டு சொன்னனான்."

"ஓம் அண்ணை" என்றார் என் கணவர்.

நான் இறங்கிப் போயிருக்கலாம். கரடி எனக்குப் பக்கத்தால் போனது, திரும்பியும் பார்க்கவில்லை, கறிக்குத்தான் வந்தது என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தேன். கதவின் கைபிடியில் கைவைத்தபோது அக்கா சட்டியோடு வந்தார். மண்ணைப் போட்டு அதைத் தேய்த்தபடி, வானின் கண்ணாடிக்குக் கிட்ட நின்றார்.

"என்னடி, சொல்லப்போறியோ?"

"என்னத்தை அக்கா?"

"சட்டியளை வெளியிலை எடுத்து வைச்சது நான். அவருக்கு அது இன்னும் மண்டையிலை ஓடேல்லை. ஓடிச்சுதெண்டால் என்னைச் சப்பித் துப்பிப்போடுவார்." தேய்ப்பதை நிறுத்தவில்லை. "உன்னை ஒண்டும் சொல்லமாட்டார். தம்பி பெண்சாதி. உன்னோடை அவர் கதைக்கிறதே இல்லை."

"அவர் நான்தான் காரணம் எண்டு நினைக்கிறார் அக்கா."

"நினைக்கட்டுமன். நினைச்சால் வாயாலை சொல்லேலுமோ அவராலை? வெக்கத்திலை விட்டிடுவார். என்ரை விசயம் அப்பிடியில்லை. சட்டியெண்டால் பத்து வருசத்துக்குச் சொல்லுவார்."

அவருடைய கண் சிவந்திருந்தது. முதல்நாள் சட்டிகளை இறக்கும்போது என் முகத்தைப் பாராதவர் இப்போது நேரே பார்த்தார். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. என் மீது விழுந்த பழி வாயால் சொல்லமுடியாத பழி. ஆகவே அது எனக்கு மலிவாக முடியும் என்று இருவருமே நினைத்தோம்.

"சரி அக்கா" என்றேன்.

திரும்பும் வழியில் சாப்பிட ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு பெற்றோல் கடையில் சிப்ஸ் வாங்கிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். என்னைப் பின்வரிசையில் தனியே இருத்தியிருந்தார்கள். மூத்தவள் இருக்கையின் மேலால் எட்டிப் பார்த்தாள்.

"சித்தி, ஆர் யூ ஸ்ரில் சிக்?"

"இல்லையம்மா, இப்ப சுகம்."

"அப்பா சித்தப்பாட்டைச் சொன்னவர், கரடி உங்களை மணந்துதான் வந்ததாம். பட் யூ டோன்ற் ஸ்மெல், சித்தி."

அக்கா அவளைப் பிடித்து இழுத்து முன்னுக்கு இருத்தினார். பெரியத்தானின் கழுத்து பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது. அது மெல்லச் சிவந்தது. என் கணவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வானுக்குள் எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. குழந்தை சொன்னது அன்பான சொல். அன்று கேட்ட சொற்களில் என்னை அதிகம் குறுக வைத்தது அதுதான்.

றிச்மண்ட் ஹில் கிட்டியபோது, இவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து பிள்ளைகள் தப்பியிருக்கிறார்கள், அங்கே இருக்கும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போவோம் என்றார் பெரியத்தான். பேவியூ வீதியில் திரும்பினோம். விடுமுறை நாள், கோயில் வாகனத் தரிப்பிடம் நிறைந்திருந்தது. எல்லாரும் இறங்கினார்கள். என்னை இறங்கச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. கணவர் ஒரு கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டுப் போனார்.

உள்ளே போனவர்கள் தேங்காய் உடைத்துவிட்டு வெளியே வந்து, படியில் தெரிந்தவர்களைக் கண்டு நின்றார்கள். சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்தில் இருந்த ஒரு குடும்பமும் அதில் நின்றது. பெரியத்தான் திருநீற்றோடு கரடியைச் சொல்லத் தொடங்கினார். கைகளை விரித்து அதன் உயரத்தைக் காட்டினார். சட்டியில் தலையை விட்டதைக் குனிந்து காட்டினார். அவர்கள் சிரித்தார்கள். ஏன் வந்தது என்று யாரோ கேட்டிருக்கவேண்டும். பெரியத்தான் நிறுத்தினார். வாய் திறந்தபடி இருந்தது. அக்கா நிலத்தைப் பார்த்தபடி சின்னவளின் சட்டைப் பொத்தானைப் பூட்டினார். பிறகு அந்தக் குடும்பத்துப் பெண்மணி, எங்கள் ஆட்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, தானே விளங்கிக்கொண்டவள் போல், மெல்லத் தலையாட்டினாள். தரிப்பிடத்தில் எங்கள் வானைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

இறக்கியிருந்த கண்ணாடியை நான் முழுவதும் ஏற்றினேன். ஆகஸ்ட் வெயில் உள்ளே கொதித்தது. அவர்கள் வரும்வரை இறக்கவில்லை.